தண்ணீர் தரும் அவகாசம்

கோவளம் தொடங்கி மாமல்லபுரம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் வழியாகக் கடப்பாக்கம் வரை உள்ள குப்பங்களுக்கு ஆபத்து கடலிலிருந்து வரும். தாம்பரம், கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு, மதுராந்தகம் என்று ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இருக்கும் ஊர்களுக்கு அது ஏரியிலிருந்து வரும். எல்லாம் ஒரே செங்கல்பட்டு மாவட்டம், மழைக்காலமும் ஒன்று. ஆனால் தண்ணீர் கொடுக்கும் அவகாசம் இடத்துக்கு இடம் மாறும். சுமத்ராவில் கிளம்பும் சுனாமி இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் கொடுக்கும். புயல் மூன்று நாள் கொடுக்கும். ஏரி உடைந்தால் கரைக்குக் கீழே இருக்கும் தெருவுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். எந்தத் தண்ணீர் நமக்கு எவ்வளவு நேரம் தரும், அந்த நேரத்துக்குள் முடியக்கூடிய வேலை எது என்று கணக்குப் போட்டு வைத்துக்கொள்வதையே நான் தயாரிப்பு என்று சொல்வேன். அதற்குள் முடியாத வேலை எதுவானாலும் வெயில் காலத்திலேயே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் சுனாமி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.29-க்கு சுமத்ராவின் மேற்குக் கரையை ஒட்டிக் கடலடியில் நிலம் பெயர்ந்தது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. நம் கரையில் அலை ஏறியபோது மணி ஏறத்தாழ 9. கரை வலை இழுக்கவும் மீன் பிரிக்கவும் ஏலம் விடவும் மணலில் கூட்டம் நிற்கும் நேரம் அது. நடுவில் கிடந்த இரண்டரை மணி நேரம் ஒருவருக்கும் உதவவில்லை, ஏனென்றால் அப்போது இந்தியப் பெருங்கடலுக்கென்று சுனாமி எச்சரிக்கை மையம் எதுவும் கிடையாது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டார்கள். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கடல்நீரை உள்ளிழுக்கும் பம்ப் ஹவுஸில் தண்ணீர் புகுந்தது, ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையை நிறுத்தினார்கள், அது பாதுகாப்பாக நின்றது. அங்கே தண்ணீர் ஏறினால் என்ன செய்வது என்பதற்கு முன்பே எழுதி வைத்த முறை இருந்தது. அதே கரையில் குப்பங்களுக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் என்று நினைக்கும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது.

அன்றைய அனுபவத்திலிருந்து ஊர் முழுக்கப் பரவிய பாடம், கடல் உள்வாங்கினால் ஓட வேண்டும் என்பது. அது உண்மை, ஆனால் பாதி உண்மை. கடலடி மேலெழும்பிய பக்கத்தில் முதலில் நீர் ஏறும், அமிழ்ந்த பக்கத்தில் முதலில் நீர் இறங்கும். அந்த நிலநடுக்கத்தில் சுமத்ராவுக்குக் கிழக்கே, தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே நம் பக்கம் முதல் அலையே ஏறித்தான் வந்தது. ஆனாலும் மாமல்லபுரத்தில் கடல் பின்வாங்கி, மணலுக்குள் கிடந்த பாறைகள் வெளியே தெரிந்ததைக் கண்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உள்வாங்கல் இரண்டு அலைகளுக்கு நடுவிலும் வரும். ஆகவே கடல் உள்வாங்கட்டும் என்று காத்திருக்கவும் கூடாது, முதல் அலை வடிந்ததும் வலையையும் எஞ்சினையும் எடுக்கத் திரும்பவும் கூடாது. ஒரு சுனாமி ஒற்றை அலையாக வருவதில்லை. பத்து நிமிடம், அரை மணி என்று இடைவெளி விட்டுப் பல அலைகள் வரும், பின்னால் வருவது பெரிதாகவும் இருக்கலாம்.

இந்தக் கரை சுனாமியை முதன்முதலில் பார்த்ததும் அன்றல்ல. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் அலை மண்ணை வாரிக்கொண்டு போனதில் ஒரு பாறைக் கல்வெட்டு வெளியே வந்தது. அதைப் பின்தொடர்ந்து இந்தியத் தொல்லியல் துறை 2005-இல் தோண்டியபோது பல்லவர் காலத்துக் கல் கட்டுமானத்தின் அடியில், அதைவிடப் பழைய செங்கல் முருகன் கோவில் ஒன்றின் அடித்தளம் கிடைத்தது. அது கடல் பொங்கி அழிந்தது என்பதற்கான மணல் அடுக்குகளை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். கோவில் விழுந்ததும் அதன்மேல் இன்னொரு கோவில் எழுந்ததும் நடந்திருக்கின்றன. ஆனால் கடல் ஏறிய செய்தி மட்டும் தலைமுறை தாண்டி நம்மை வந்து சேரவில்லை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2007 அக்டோபர் 15 முதல் ஹைதராபாதில் இன்காய்ஸ் நிறுவனத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. நிலநடுக்கம் நடந்து பத்து நிமிடங்களுக்குள் முதல் அறிக்கை வெளிவரும் அளவுக்கு அது தேர்ந்திருக்கிறது. கடலடியில் வைத்த அழுத்தமானிகள், கரையோர அலைமானிகள் ஆகியவற்றின் அளவுகளைப் பார்த்து அடுத்தடுத்த அறிக்கைகள் திருத்தப்படும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது, கரையிலிருந்து மக்களை வெளியேற்றினார்கள், பெரிய அலை வரவில்லை. அந்த முறை கடலடித் தட்டுகள் மேலும் கீழுமாக அசையாமல் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன, அதனால் தண்ணீர் பெரிதாகத் தூக்கப்படவில்லை. அலை வராததைப் பார்த்து எச்சரிக்கை பொய் என்று முடிவுகட்டிய குரல்களும் கேட்டன. அந்த முடிவு ஆபத்தானது. நிலம் அதிர்ந்த முதல் நிமிடங்களில், அது எந்தத் திசையில் நகர்ந்தது என்பது யாருக்கும் முழுதாகத் தெரியாது. வராத அலைக்காகப் பத்து முறை மேட்டுக்கு நடந்தாலும் அது இழப்பல்ல.

மேட்டுக்குப் போவது என்றால் எங்கே என்பதில்தான் இந்தக் கரையின் சிக்கல் இருக்கிறது. கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே ஒடுங்கிய மணல் திட்டில் பல குப்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலை வரை ஓடிவிடலாம், அதற்கு மேற்கே கால்வாய் மறிக்கும். பாலம் எங்கே, அது ஊரிலிருந்து எவ்வளவு தூரம், பாலத்துக்குப் போக நேரமில்லாவிட்டால் ஏறி நிற்க உறுதியான மாடிக் கட்டடம் எது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது? இந்தச் சிறிய கேள்விகளுக்குப் பதில் தெரிந்த ஊருக்கு இரண்டரை மணி நேரம் தாராளம்.

புயல் சுனாமியைப் போல ஒளிந்து வருவதில்லை. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் அதற்குப் புயல் என்ற பெயரே கிடைக்கும், அதற்கு நாள்கணக்கில் முன்பே வானிலைத் துறை அதைப் பின்தொடரத் தொடங்கியிருக்கும். 72 மணி நேரத்துக்கு முன் ஒரு முன்னறிவிப்பு, பிறகு 48, பிறகு 24, கடைசியாகக் கரையைக் கடக்க 12 மணி நேரம் இருக்கும்போது உள்மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒன்று. 2012 அக்டோபர் 31-இல் நீலம் புயலும், 2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயலும் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தன. இரண்டுக்கும் அவகாசம் போதுமான அளவு இருந்தது.

சிக்கல் வருவது அறிவிப்பைக் கேட்கும் விதத்தில். கரையைக் கடக்கும் இடத்தின் பெயரை நாம் ஒரு முகவரிபோல எடுத்துக்கொள்கிறோம். நம் ஊர்ப் பெயர் வராவிட்டால் பிழைத்தோம் என்று நிம்மதி. ஆனால் நம் பகுதியில் புயல் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். புயலின் மையம் நமக்குத் தெற்கே, மரக்காணத்திலோ புதுச்சேரியிலோ கடந்தால், நம் கரையில் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு அடிக்கும். கடலையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும். மையம் நமக்கு வடக்கே, பழவேற்காட்டுப் பக்கம் கடந்தால் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும், அலை கரையில் அவ்வளவாக ஏறாது. அதாவது மாமல்லபுரத்து மீனவருக்கு, புயல் புதுச்சேரியில் கரையேறும் என்ற செய்தி நிம்மதிக்குரிய செய்தி அல்ல. தன் தலைக்கு மேலேயே மையம் கடந்தால் இன்னொரு பொறி உண்டு. காற்று சட்டென்று அடங்கும், சிலசமயம் வானம்கூட வெளுக்கும். அது புயலின் கண். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று திரும்ப அறையும். முதல் காற்றில் சாய்ந்து நின்ற மரமும் தகரமும் இரண்டாவது காற்றில்தான் விழும். அதிகாரிகள் சொல்லும்வரை வெளியே வரக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

மழையோ கரை கடக்கும் இடத்துக்குக் கட்டுப்பட்டதே அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இங்கே கரையேறவே இல்லை. சென்னைக்கு எதிரே கடலில் மெதுவாக ஊர்ந்து, ஐந்தாம் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கடந்தது. ஆனால் தாம்பரத்துப் பக்கம் தெருக்கள் மூழ்கின. அடுத்த ஆண்டு ஃபெஞ்சல் புதுச்சேரியை ஒட்டிக் கடந்து ஏறத்தாழ நின்றே விட்டது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. காற்றின் வேகத்தை மட்டும் கேட்டுப் புயலை எடைபோடுபவர்கள், அது எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மெதுவாக நகரும் புயலே அதிகம் மூழ்கடிக்கும்.

குப்பத்தில் 72 மணி நேரத்தின் பயன் துல்லியமாகத் தெரியும். தூரம் போன படகுகளைத் திரும்ப அழைக்க ஒரு நாள். ஃபைபர் படகுகளை டிராக்டர் வைத்து மணல்மேட்டுக்கு இழுக்க ஒரு நாள், ஏனென்றால் ஊருக்கு டிராக்டர் ஒன்றோ இரண்டோதான். எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோவது, வலையை மூட்டையாகக் கட்டி ஏற்றுவது, படகுகளை ஒன்றோடொன்று மோதாதபடி கயிறு போட்டுக் கட்டுவது எல்லாம் கடைசி நாள் வேலை. ஊருக்குள் இருப்பவர்களுக்கு வேலை குறைவு, ஆனால் மறந்தால் வாரக்கணக்கில் வருத்தும். 2016-இல் வர்தா புயல் அடித்துவிட்டுப் போனபோது பல இடங்களில் மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, சுற்றிலும் வெள்ளம் நிற்கும்போது குடிக்கத் தண்ணீர் இருக்காது. மேல்தொட்டியையும் வீட்டிலுள்ள குடங்களையும் நிரப்பி வைப்பதும், மாத்திரைகளையும் கொஞ்சம் ரொக்கத்தையும் கையில் வைத்திருப்பதும், ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம் ஆகியவற்றைத் தடித்த பாலித்தீன் பையில் கட்டி உயரத்தில் வைப்பதும் அறிவிப்பு வந்த முதல் நாளே முடிய வேண்டியவை.

ஏரிக்கு வருவோம். இந்த மாவட்டத்துக்கே உரிய ஆபத்து இது என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் நீர்வளத்துறையின் பொறுப்பில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. இவை தனித்தனிக் குளங்கள் அல்ல. மேல் ஏரியின் கலங்கல் வழியும் நீர் அடுத்த ஏரிக்கு வரத்து, அது வழிந்தால் அதற்கடுத்ததற்கு. செங்கல்பட்டு நகரத்தை ஒட்டிய கொளவாய் ஏரி நிறைந்தால் உபரி நீர் நீஞ்சல் மடுவு வழியாகப் பாலாற்றுக்குப் போகிறது. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி அடையாற்றில் சேர்ந்து முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகப் போகிறது. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர் தண்ணீர். 2015 டிசம்பர் 1-2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். அந்த நவம்பர் முழுக்கப் பெய்த மழையில் ஏரிகள் ஏற்கெனவே நிறைந்து கிடந்தன. வந்த நீரில் ஒரு சொட்டைக்கூடத் தேக்க எங்கும் இடமில்லை. முடிச்சூரில் மாடிகளிலிருந்து மக்களைப் படகில் இறக்கினார்கள்.

கலங்கல் என்பது ஏரிக்கரையின் ஓர் ஓரத்தில், கரையைவிடத் தாழ்வாகக் கட்டிய கல் வரம்பு. ஏரி நிறைந்தால் தண்ணீர் கரைமேல் ஏறாமல் அதன் வழியே வெளியேற வேண்டும். மண் கரைமேல் நீர் வழிந்தால் சிறிது நேரத்தில் கரை அரித்துப் போய்விடும், கலங்கல்தான் ஏரியின் உயிர். பழைய கலங்கல்களின் மேல் விளிம்பில் முழங்கால் உயரக் கற்களைப் பல்வரிசைபோல நட்டிருப்பார்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு நடுவே மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்தால் இன்னும் சில சாண் தண்ணீர் நிற்கும், கோடைப் பயிருக்கு உதவும். எதிர்பாராத மழை வந்தால் அந்த அடைப்பை உடனே பிடுங்கிவிட வேண்டும். எப்போது அடைப்பது, எப்போது பிடுங்குவது என்ற முடிவு ஏரியை நாள்தோறும் பார்த்துவந்த நீர்க்கட்டியின் கையில் இருந்தது. கரையில் எங்கே நண்டு வளை தோண்டியிருக்கிறது, எந்த மதகுக்குப் பக்கத்தில் கசிகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கசிவிலும் அவர் பார்ப்பது அளவைவிட நிறத்தை. தெளிந்த நீர் கசிந்தால் பொறுத்திருக்கலாம். கலங்கிய நீர் வந்தால் கரைக்குள் மண் கரைந்து வெளியேறுகிறது, உள்ளே குழாய்போல வழி விழுகிறது என்று பொருள். அந்தத் துளையை வெளிப்பக்கம் அடைத்தால் தண்ணீர் வேறு பக்கம் பிய்த்துக்கொண்டு வரும். துளையைச் சுற்றி மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, அதற்குள் தண்ணீரை உயர விட்டால் மண் வெளியேறும் வேகம் குறையும். அந்த இடைவெளியில் கீழே இருப்பவர்களை எழுப்பிவிட வேண்டும்.

இந்த மண்ணில் ஏரியைக் காப்பது தனிப் பொறுப்பாகவே வைக்கப்பட்டிருந்தது. பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921 ஆண்டுகளில் ஊர்ச்சபைக்கு வாரியங்கள் தேர்ந்தெடுக்கும் முறையைப் பதிந்திருக்கின்றன, அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோவில் கதையை அறியாதவர் குறைவு. 1790-களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், உடையும் தறுவாயில் இருந்த கரையை ராமரும் லட்சுமணரும் வில்லேந்திக் காத்து நின்றதைக் கண்டதாக ஊர் சொல்கிறது. பக்தியோடு அதைக் கேட்கும்போதே இன்னொன்றையும் நான் அதில் கேட்கிறேன். பெருமழை இரவில் மாவட்டத்தின் தலைமை அதிகாரி ஏரிக்கரையில் நின்றார் என்பதை ஊர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மறக்காமல் சொல்லி வருகிறது.

இன்று கலங்கலின் முன் இரண்டு தரப்பு நிற்கிறது. ஏரிக்குக் கீழே பாசனம் செய்யும் உழவர் தண்ணீரைத் தேக்கச் சொல்கிறார். ஏரியின் நீர்ப்பிடிப்பிலும் வரத்துக்கால்மேலும் மனை போட்டு விற்றதை நம்பி வாங்கி வீடு கட்டியவர் தண்ணீரைத் திறந்துவிடச் சொல்கிறார். பெருமழை இரவில் இருவரும் கடப்பாரையோடு கரைக்கு வந்தால் அங்கே தீர்ப்புச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். இதில் என் பார்வை தெளிவானது. வரத்துக்காலையும் போக்குக்காலையும் மறித்து மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்த நாளிலேயே அந்த வெள்ளம் தொடங்கிவிட்டது, மழை அதற்குத் தேதி மட்டும்தான் குறித்தது. வீடு வாங்கப் போகிறவர்கள் வில்லங்கச் சான்றோடு கிராம வரைபடத்தையும் வாங்கி, மனையைச் சுற்றி ஓடை, வாய்க்கால் என்று குறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு நல்ல மழை நாளில் அங்கே போய் நின்றும் பார்க்க வேண்டும்.

வெள்ளம் வடிந்த பிறகு வரும் நாட்கள் பேரிடரின் இரண்டாம் பாதி. ஈரச் சுவரில் மின்சாரம் பாயும், மெயின் சுவிட்சை எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே போட வேண்டும். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டாலும் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். சேற்றில் வெறுங்காலோடு வேலை செய்தவருக்குக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலை நினைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்புகளும் நம்மைப் போலவே மேடு தேடி வீட்டுக்குள் வரும். கடிபட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் உதவாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் வழி. அங்கே போடப்படும் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இருக்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இந்த மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது இந்தத் திறமைக்காகத்தான்.

ஆனால் அதே இருளர் குடும்பங்களில் பல ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் பட்டா இல்லாமல் குடியிருப்பவை. நிவாரணம் காகிதத்தின் வழியாக வருகிறது. மிக்ஜாமுக்குப் பிறகு சென்னையிலும் செங்கல்பட்டின் சில பகுதிகளிலும் ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள், அது பலருக்குப் பெரிய கைகொடுப்பு. கார்டு இல்லாதவர், வேறு ஊர் முகவரியில் கார்டு வைத்திருக்கும் வாடகைக்குக் குடியிருப்பவர் ஆகியோர் தனியாக விண்ணப்பித்து அலைய வேண்டியிருந்தது. சுனாமிக்குப் பிறகும் படகு வைத்திருந்தவரின் இழப்பு எளிதாகக் கணக்கில் ஏறியது. மீன் வாங்கித் தலைச்சுமையாக விற்ற பெண்ணுக்கும், கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிழைத்த இருளருக்கும் காட்டுவதற்கு என்ன உடைமை இருந்தது? வீடு கட்டிக் கொடுப்பதிலும் இதே போன்ற இழுபறி. 2005 மார்ச்சில் வந்த அரசாணை 172, கரையிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் உள்ளே தள்ளிப் போனால்தான் அரசு வீடு என்றது. அலைக்குப் பயந்தாலும், கடலின் நிறமும் நீரோட்டமும் கண்ணில் படாத தூரத்திலிருந்து மீன்பிடிக்க முடியாது என்பது மீனவரின் நியாயம். உயிர்ப் பாதுகாப்பும் பிழைப்பும் எதிரெதிரே நிற்கும்போது, எந்த ஊருக்கு எது பொருந்தும் என்பதை அந்த ஊரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய முடியும். வெள்ளம் வடிந்த வாரத்தில் அதைப் பேச முடியாது.

பேசுவதற்கு இடமும் நாளும் இருக்கின்றன. கிராமசபை மே 1-ஆம் தேதி கூடும்போது பல ஏரிகளில் தண்ணீர் வற்றி, கலங்கலும் மதகும் கரையின் ஓட்டைகளும் கண்ணுக்குத் தெரியும். வரத்துக்காலை அளந்து கல் நடச் சொல்லித் தீர்மானம் போட வேண்டிய கூட்டம் அதுதான். ஆகஸ்ட் 15 கூட்டத்துக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டு மாதம் இருக்கும். கரையை இரவில் சுற்றிவர யார், மணல் மூட்டை எங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது, நடக்க முடியாத முதியவர் எந்தெந்த வீட்டில், கர்ப்பிணிகள் யார், அவர்களைக் கூட்டிப்போகும் வண்டி யாருடையது, பள்ளிக்கூடத்தின் சாவி யாரிடம், கார்டு இல்லாத குடும்பங்கள் எவை என்று பெயர் பெயராக எழுதி, அந்தத் தாளைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையிலும் ஒவ்வொரு நகல் கொடுத்துவிடலாம். கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.